பாம்புக்கு வீடு பானை! பாலுக்குப் பதில் எலி!

பாம்பு வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், அதைக் கேட்டுப் பயப்படும் பெற்றோர்களுக்கும்

"பாம்பு என்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி.

ஆனால், பாம்பைக் கண்டு நடுங்காதவர்களும் இருக்கிறார்கள். நாய் வளர்ப்பது போல, கிளி வளர்ப்பது போல, பாம்பு வளர்க்கிறவர்கள் உலகத்தில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள்!

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இங்கே தெருவுக்குத் தெரு பிரான்சு நாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் உண்டு. பாரிசில் இருந்து அத்தை மகன் விடுமுறைக்கு வருகிறான். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறான். கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பாம்பு! "என் சிநேகிதன் வீட்டில் இருக்கிறது. கடிக்காது" என்கிறான்.

உடனே நம் வீட்டுப் பையனுக்கு ஆசை வந்துவிடுகிறது. "அப்பா, எனக்கும் ஒன்று வாங்கித் தா!"

அப்பா என்ன பதில் சொல்வது?

பாம்பை எப்படி வைத்திருக்கிறார்கள், என்ன சாப்பாடு போடுகிறார்கள், நம் நாட்டில் அப்படி வளர்க்கலாமா என்பதை எல்லாம் இந்தக் கட்டுரையில் காணலாம். நம் ஊரில் இருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மண் பானைகளில் பாம்பு வைத்து, நாட்டு மக்களின் உயிரைக் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையும் இதில் வருகிறது.

கண்ணாடி வீடு

மேல்நாடுகளில் முதன் முதலாகப் பாம்பு வளர்க்கிறவர்கள் இரண்டு வகைப் பாம்புகளை வாங்குகிறார்கள்.

ஒன்று, அமெரிக்காவில் உள்ள சோளப் பாம்பு. செம்மஞ்சள் நிறம். மூன்று அடி முதல் ஐந்து அடி வரை வளரும். விஷம் இல்லை.

மற்றொன்று, ஆப்பிரிக்காவில் உள்ள சிறிய மலைப்பாம்பு. பிரெஞ்சுக்காரர்கள் இதை "ராஜ மலைப்பாம்பு" என்று அழைக்கிறார்கள். பயந்தால் பந்து போலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் அமெரிக்கர்கள் இதைப் "பந்துப் பாம்பு" என்கிறார்கள். இதற்கும் விஷம் இல்லை.

இவற்றை வைக்கும் பெட்டியில் நான்கு வசதிகள் இருக்க வேண்டும்.

முதலாவது, பூட்டு. பாம்பைப் போலத் தப்பி ஓடும் பிராணி வேறு இல்லை. தலை நுழையும் சந்து இருந்தால் போதும், உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். மூடியைத் தலையால் முட்டி முட்டித் தூக்கும். எனவே மூடிக்குத் தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, சூடும் குளிர்ச்சியும். நம் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பின் உடம்புக்கு அந்தச் சக்தி இல்லை. வெயிலில் கிடந்தால் உடம்பு சுடும். நிழலுக்குப் போனால் குளிரும். ஆகவே, பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும், மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சோளப் பாம்புக்கு ஒரு பக்கம் சுமார் 30 டிகிரி, மறுபக்கம் சுமார் 24 டிகிரி. எது வேண்டுமோ அந்தப் பக்கம் பாம்பு தானாக நகர்ந்து கொள்ளும்.

மூன்றாவது, ஒளிந்து கொள்ள ஓர் இடம். இது மிக முக்கியம். கவிழ்த்து வைத்த சட்டி, சிறிய அட்டைப் பெட்டி, எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். உடம்பின் நாலா பக்கமும் சுவரில் படும்படி குறுகலாகவும் இருக்க வேண்டும். ஒளிய இடம் இல்லாத பாம்பு சாப்பிடாது! பயத்திலேயே மெலிந்துவிடும்.

நான்காவது, ஒரு கிண்ணம் தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும். சில பாம்புகள் அதில் சுருண்டு படுத்துக்கொள்வதும் உண்டு.

கீழே என்ன விரிப்பது? பழைய செய்தித்தாளே போதும்! அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு தாள் விரிக்கலாம்.

பாம்பு சட்டை உரிக்கும் சமயத்தில் அதன் கண்கள் பால் படிந்தது போல மங்கிவிடும். அப்போது அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது. சாப்பாடும் வேண்டாம் என்று ஒதுங்கும். தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால், சில நாளில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளப்பாக வெளியே வரும்.

வாரம் ஒரு நாள் விருந்து

பாம்புக்குத் தினமும் சாப்பாடு தேவை இல்லை.

குட்டிப் பாம்புக்கு வாரம் ஒரு தடவை. பெரிய பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்! உடம்பில் சூடு உண்டாக்கும் வேலை இல்லாததால், கொஞ்சம் சாப்பாட்டிலேயே அதன் காலம் ஓடிவிடுகிறது.

என்ன சாப்பாடு?

எலி!

சோறு தின்னாது. காய்கறி தின்னாது. ரொட்டி தின்னாது. பாம்பு முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. பற்கள் இருந்தாலும் மென்று தின்ன முடியாது. இரையை முழுசாகவே விழுங்க வேண்டும். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் ஒட்டாமல், ரப்பர் போன்ற தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால்தான் தன் தலையைவிடப் பெரிய இரையையும் அது விழுங்குகிறது.

மேல்நாட்டுக் கடைகளில் பனிக்கட்டியில் உறைய வைத்த எலிகளை விற்கிறார்கள். பிறந்த குட்டி, நடுத்தரம், பெரிது என்று அளவு அளவாகக் கிடைக்கும். பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். வெந்நீரில் வைத்துக் குளிர் நீக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டுகிறார்கள். பாம்பு பாய்ந்து கவ்விக்கொள்கிறது.

உயிர் உள்ள எலியைப் போட்டால் என்ன? எலி சும்மா இருக்காது. பசி இல்லாத பாம்பை எலியே கடித்துப் புண்ணாக்கிவிடும்! பாம்பை எலி கடித்த கதை சிரிப்பாக இருக்கலாம். வளர்த்தவர்களுக்கு அது சிரிப்பு அல்ல.

சாப்பிட்ட பிறகு இரண்டு நாளைக்குப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் தின்றதைக் கக்கிவிடும். பாம்பைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் உடம்பில் உள்ள கிருமிகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொடவே விடக் கூடாது.

பால் குடிக்குமா?

"எலி எதற்கு? ஒரு கிண்ணம் பால் வைத்தால் போதாதா?" என்று பாட்டி கேட்பார்.

பால் கொடுத்து வளர்க்கும் ஜாதி வேறு, பாம்பு ஜாதி வேறு. பாம்பு முட்டையிட்டாலும் சரி, குட்டி போட்டாலும் சரி, அது தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பது இல்லை. பாலைச் செரிக்கும் சக்தி பாம்பின் வயிற்றுக்குக் கிடையாது.

பாம்பாட்டியின் கூடையில் உள்ள பாம்பு பால் குடிக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பாம்பைப் பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் போட்டிருப்பார்கள். தாகத்தில் தவிக்கும் பாம்பு, எதிரே இருப்பது எதுவானாலும் குடிக்கும். அப்படிக் குடித்த பால் அதற்கு நோயைக் கொடுக்கிறது.

மகுடிக்கு ஆடுவதும் அப்படித்தான். பாம்புக்கு வெளியே தெரியும் காது இல்லை. மகுடி அசையும் பக்கம் எல்லாம் அதுவும் தலையைத் திருப்புகிறது. எங்கே அடித்துவிடுவானோ என்று எதிரியைக் கண்காணிக்கிறது. நாம் அதை நடனம் என்று நினைக்கிறோம்!

இருபது வருஷ விருந்தாளி

பாம்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். அதன் ஆயுள்!

சோளப் பாம்பு, நன்றாக வைத்துக்கொண்டால் 15 முதல் 20 வருஷம் இருக்கும். பந்துப் பாம்பு 30 வருஷமும் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு பந்துப் பாம்பு, 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது. அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல்!

எட்டாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, அவன் கல்யாணத்துக்கும் இருக்கும். அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் போதும் இருக்கும். வேலைக்காக அவன் வெளியூர் போனால், எலியை இடுக்கியில் பிடித்து நீட்டுவது யார்? அம்மாதான்!

புதுச்சேரி வெயில்

மேல்நாட்டுப் புத்தகங்கள் பாம்புக்கு விளக்கு போட்டுச் சூடேற்றச் சொல்லுகின்றன. அது குளிர் தேசத்துக்குச் சரி.

நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை. கடற்காற்று வராத மத்தியானத்தில் மாடி அறைக்குள் மனிதரே இருக்க முடியாது. அங்கே மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்தால், அது அடுப்பு மாதிரிதான். குளிரைச் சில நாள் தாங்கும் பாம்பு, கடும் சூட்டைச் சில மணி நேரம்கூடத் தாங்காது. நகர்ந்து போக நிழல் இல்லாவிட்டால் செத்துவிடும்.

புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் நம் பாம்புகள் பகலைக் கழிப்பது இதற்காகத்தான். மண்ணுக்கு அடியில் வெயில் இறங்குவது இல்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இனி, அப்பா சொல்ல வேண்டிய பதிலுக்கு வருவோம்.

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. கொல்லவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. நல்லபாம்பும் மலைப்பாம்பும் மட்டும் அல்ல, விஷம் இல்லாத சாரையும் தண்ணீர்ப் பாம்பும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான். மீறினால் சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு.

வெளிநாட்டுப் பாம்பு என்றால்?

அதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. உலக நாடுகள் சேர்ந்து, வியாபாரத்தால் அழியக்கூடிய பிராணிகளுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கின்றன. பந்துப் பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிராணியை வைத்திருக்கிறவர்கள் அதை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் விதி வந்தது. குட்டி பிறந்தாலும் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும். வேறு ஒருவருக்குக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும்.

அனுமதி இல்லாமல் கொண்டு வருகிறவர்கள் அகப்பட்டுக் கொள்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கோலாலம்பூரில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஒரு பெண் வந்து இறங்கினார். அவருடைய பெட்டிகளைத் திறந்த சுங்க அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாக்களுக்குள் 22 பாம்புகள்!

காற்று இல்லாத டப்பாவில், துணிப்பையில், காலுறைக்குள் என்று இப்படித்தான் பல பாம்புகள் நாடு விட்டு நாடு வருகின்றன. வழியிலேயே சாகிறவை எத்தனையோ!

"லட்ச ரூபாய்ப் பாம்பு"

நம் பக்கத்தில் இன்னொரு மோசடியும் நடக்கிறது. அதுதான் மண்ணுளிப் பாம்பு வியாபாரம்.

மண்ணுளிக்கு வால் மழுங்கி, தலை போலவே இருக்கும். அதனால் "இருதலைப் பாம்பு" என்று பெயர் வந்தது. "வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்", "மருந்துக்கு வாங்குகிறார்கள், லட்சக்கணக்கில் விலை" என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். எந்த நோய்க்கும் அது மருந்து அல்ல. பணமும் கொட்டாது. வாங்கியவரும் விற்றவரும் போலீசில் மாட்டியதுதான் மிச்சம்.

இதில் உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. மண்ணுளியில் ஒரு வகைக்கு உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும். கண்ணாடி விரியனும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்! மண்ணுளி என்று நினைத்து விரியனைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை. பிறந்த அன்றே விரியன் குட்டிக்கு விஷம் உண்டு.

குட்டி வளர்ந்து பூதமான கதை

பாம்பு வளர்க்கும் ஆசை ஒரு நாட்டையே பாடாய்ப் படுத்திய கதை ஒன்று உண்டு. அந்தக் கதை நம் பக்கத்து மனிதர்களிடம் வந்து முடிகிறது.

அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பலர் பர்மா மலைப்பாம்புக் குட்டிகளை ஆசையாக வாங்கி வளர்த்தார்கள். குட்டியாக இருக்கும் போது இரண்டு அடிதான். கையில் சுற்றிக்கொள்ளலாம். சில வருஷங்களில் அது பத்து அடி, பன்னிரண்டு அடி வளர்ந்தது. எலி போதவில்லை. முயல் கேட்டது. கண்ணாடிப் பெட்டியும் போதவில்லை.

என்ன செய்வது? சிலர் அதைக் கொண்டு போய்ச் சதுப்பு நிலக் காட்டில் விட்டுவிட்டார்கள். சில பாம்புகள் தாமாகவே தப்பிப் போயின.

காட்டில் அவை பெருகின. கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்கின. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தக் காட்டில் ரக்கூன் என்ற பிராணி நூற்றுக்கு 99 பங்கு குறைந்துவிட்டது என்று கூறியது! 2022ஆம் ஆண்டில் அங்கே பிடிபட்டதாக அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பின் எடை 97 கிலோவுக்கு மேல்!

பாம்புகளைப் பிடிக்க அமெரிக்கர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். புல்லுக்குள் படுத்திருக்கும் பாம்பு கண்ணுக்கே தெரியவில்லை.

கடைசியில் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் தமிழ்நாட்டு இருளர்களை!

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் புளோரிடா போனார்கள். கையில் ஒரு கம்பி. கூர்மையான கண்கள். அவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதம். நடந்தார்கள். தடம் பார்த்தார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள்! அவற்றில் ஒன்று 16 அடி நீளம்.

2023ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

வடநெம்மேலிப் பானைகள்

அந்த இருளர்கள் பாம்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போக வேண்டும். மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் தாண்டினால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது. அந்த வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உள்ளது.

இருளர்கள் பழங்குடி மக்கள். எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் அவர்கள் பரம்பரையாகக் கற்ற வித்தை. மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து, எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். உரித்துப் போட்ட சட்டையைப் பார்த்தும் சொல்லுவார்கள்.

முன்பு அவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். பாம்புத் தோல் கைப்பையாகவும், செருப்பாகவும், இடுப்பு வாராகவும் ஆகி வெளிநாடு போயிற்று. கணக்கில்லாத பாம்புகள் செத்தன. இருளர்களுக்குக் கிடைத்ததோ ஒரு தோலுக்குச் சில ரூபாய்தான்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது. பாம்புகள் பிழைத்தன. ஆனால் இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது! தெரிந்த தொழில் ஒன்றுதான். அதுவும் குற்றம் என்றால் எங்கே போவது?

அந்தச் சமயத்தில் ரோமுலஸ் விட்டேகர் என்பவர் அவர்களுக்கு வழி காட்டினார். அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, இந்தியராகவே ஆனவர் அவர். சென்னை கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணையை ஏற்படுத்தியவரும் அவர்தான். "பாம்பைக் கொல்ல வேண்டாம். பிடித்து விஷம் எடுங்கள். பிறகு காட்டிலேயே விட்டுவிடுங்கள்" என்பது அவர் காட்டிய வழி. 1978ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டு அனுமதி கொடுக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளையும் பிடித்துக் கொண்டு வருகிறார்கள்.

பிடித்த பாம்புக்கு வீடு?

மண் பானை!

வரிசை வரிசையாகப் பானைகள். பானைக்குள் மணல். வாயை நூல் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பானைக்கு ஒன்றிரண்டு பாம்புகள்.

மேல்நாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு வேண்டிய வசதிகளை எண்ணிப் பாருங்கள். தப்பாத மூடி வேண்டும். கட்டிய துணி இருக்கிறது. காற்று வேண்டும். துணியின் வழியே வருகிறது. இருட்டு வேண்டும். பானைக்குள் இருட்டுதான். சூடு ஏறக் கூடாது. மண் பானை குளிர்ச்சி. நாம் கோடையில் தண்ணீர் வைத்துக் குடிப்பதும் அதில்தானே! விலையும் மலிவு. பாம்பு புற்றில் இருப்பதாகவே நினைத்துச் சுருண்டு கிடக்கிறது.

பாம்பு அங்கே நிரந்தரமாகத் தங்குவது இல்லை. மூன்று, நான்கு வாரம்தான். வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுக்கிறார்கள்.

கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய சவ்வு கட்டியிருக்கும். பாம்பின் தலையைப் பக்குவமாகப் பிடித்துச் சவ்வைக் கடிக்க விடுகிறார்கள். பல் உள்ளே இறங்குகிறது. விஷம் சொட்டுச் சொட்டாகக் குவளையில் விழுகிறது. விஷத்தை உறைய வைத்து, உலர்த்தித் தூளாக்குகிறார்கள். மருந்து செய்யும் கம்பெனிகள் அதை வாங்குகின்றன.

நாள் முடிந்ததும், பாம்பின் வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால், "இது நம் வீட்டுக்கு வந்து போன விருந்தாளி" என்று தெரிந்துவிடும். அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

செத்த பாம்பின் தோலை விற்றுப் பிழைத்தவர்கள், உயிருள்ள பாம்பின் விஷத்தை விற்றுப் பிழைக்கிறார்கள். பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தார், கடிபட்டவரும் பிழைத்தார்!

விஷத்துக்கு விஷமே மருந்து

அந்த விஷத் தூளைக் கொண்டுதான் பாம்புக் கடிக்கு மருந்து செய்கிறார்கள்.

விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசியாகப் போடுகிறார்கள். சிறிது சிறிதாக அளவைக் கூட்டுகிறார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆவது இல்லை. அதன் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் ஊறுகிறது. அதைப் பிரித்து எடுத்துச் சுத்தம் செய்தால் விஷமுறிவு மருந்து. நம் நாட்டு மருந்து நால்வகைப் பாம்பின் விஷத்தையும் முறிக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு டாக்டர் ஆல்பர் கால்மெத். 1891ஆம் ஆண்டில் அவர் சைகோன் நகரத்தில் இருந்தார். அந்தச் சைகோனுக்குத்தான் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிக்காரர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். அங்கே ஒரு வெள்ளத்தின் போது நல்லபாம்புகள் கிராமத்துக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அதைக் கண்ட கால்மெத், பாம்பு விஷத்தை ஆராயத் தொடங்கினார். சில வருஷங்களில் மருந்து கிடைத்தது.

காசநோய் வராமல் இருக்க நம் குழந்தைகளுக்குப் பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதில் உள்ள "சி" என்ற எழுத்து, இந்தக் கால்மெத்தின் பெயர்தான்!

இந்த மருந்து எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமலே இறந்தவர்கள்.

கடித்தால் என்ன செய்வது?

இதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

கடிபட்டவரைப் பயப்படுத்தாதீர்கள். நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். கை, கால் வீங்கினால் அவை இறுக்கும். கடிபட்ட கையை, காலை அசையாதபடி ஒரு பட்டையான கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செய்யக் கூடாதவை இவை: கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் அலைந்து நேரத்தைப் போக்கக் கூடாது. பாம்பைத் தேடி அடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவும் தேவை இல்லை.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நகரத்துக்குள் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. போக வேண்டிய இடம் அதுதான்.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்தது பல பேருக்குத் தெரிவதே இல்லை. வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுவது, நாக்குக் குழறுவது போன்றவை கண்டால் தாமதிக்க வேண்டாம். மழைக் காலத்தில் தரையில் படுப்பவர்கள் கட்டிலில் படுப்பது நல்லது. கொசு வலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால், கொசுவும் வராது, பாம்பும் வராது!

வீட்டுக்குள் பாம்பு வந்தால்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் புகும். பாம்புகள் மேடு தேடி வரும். வீட்டுக்குள் புகுந்தால் அடிக்காதீர்கள். நெருங்காதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, எட்ட நின்று அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக் கொண்டிருங்கள். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

பாம்பு நம்மைத் தேடி வருவது இல்லை. எலியைத் தேடி வருகிறது. குப்பையைக் கொட்டாமல், தானியத்தை மூடி வைத்து, சுவரில் உள்ள ஓட்டையை அடைத்துவிட்டால் எலி வராது. எலி வராத வீட்டுக்குப் பாம்புக்கு வேலை இல்லை.

வயலில் பாம்பு இருப்பதோ நமக்கு லாபம். எலி தின்னும் நெல்லைக் காப்பாற்றுவது அதுதான். சம்பளம் வாங்காத காவல்காரன்!

அப்பா சொல்ல வேண்டிய பதில்

"பாம்பு வேண்டும்" என்று கேட்ட பையனைத் திட்ட வேண்டாம். ஆசை நல்ல ஆசைதான். பாம்பைக் கண்டால் தடியைத் தேடும் ஊரில், அதைப் பார்த்து அன்பு கொள்ளும் ஒரு பிள்ளை பிறந்தால் சந்தோஷப்பட வேண்டும். விட்டேகரும் சிறு வயதில் அப்படி ஆசைப்பட்ட பையன்தான்.

வீட்டில் பெட்டி வைக்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் பையனை வடநெம்மேலிக்குக் கூட்டிப் போங்கள். என்றைக்குத் திறந்திருக்கும் என்று முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். முதலைகளையும் பார்க்கலாம். இருளர்கள் பாம்பைப் பானையில் இருந்து எடுத்து விஷம் எடுப்பதை, பாதுகாப்பான தூரத்தில் இருந்து பார்க்கவும் அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சென்னைக்குப் போனால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது.

எது நல்லபாம்பு, எது சாரை, எது விரியன், எது மண்ணுளி என்று பையன் கண்ணாலே பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கற்றதைத் தங்கைக்கும் பாட்டிக்கும் சொல்லட்டும்.

எந்தப் பாம்பும் வேண்டுமென்றே மனிதனைக் கடிப்பது இல்லை. மிதிபட்டால் கடிக்கும். பிடிபட்டால் கடிக்கும். மிதிக்காமல், பிடிக்காமல் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டவன் வீட்டில் பாம்பால் அழுகை இராது.